முட்டை பிள்ளைக்கு, கோழி சந்தைக்கு

காலையில் முட்டை வியாபாரி மொபெட்டில் வந்து ஹாரன் அடித்தால், தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒரு பெண் கையில் சொம்போடு வெளியே வருவார். சொம்பு நிறையக் கேழ்வரகு, அதற்குள் புதைத்து வைத்த ஆறேழு முட்டை. இடுப்பில் ஒன்றரை வயசுப் பிள்ளை, கை குச்சியாக இருக்கும். வியாபாரி முட்டையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார், இரண்டைக் கழிப்பார், மீதிக்குக் காசு கொடுப்பார். அந்தக் காசில் டீத்தூளும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கி, பிஸ்கட்டை டீயில் நனைத்துப் பிள்ளைக்கு ஊட்டுவார். வீட்டில் கிடைத்த உணவிலேயே நல்ல உணவு சொம்போடு வாசல் தாண்டிப் போயிருக்கும்.

அந்த அக்காவைக் குறை சொல்ல எழுதவில்லை. கையில் பத்து ரூபாய் இல்லாத வீட்டில் முட்டை என்பது சாப்பாடு இல்லை, சில்லறை. இதில் நான் முதலில் செய்த தப்பு என்ன தெரியுமா, "விற்காதீர்கள், பிள்ளைக்குக் கொடுங்கள்" என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியதுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் ஹாரன் அடித்ததும் சொம்பு வெளியே வந்தது. காசுக்கு வேறு வழி காட்டாமல் முட்டையை மட்டும் நிறுத்தச் சொன்னால் யார் கேட்பார்கள்?

வழி கோழியிலேயே இருக்கிறது. முட்டையை விற்பது நஷ்டம், குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் கோழியாக விற்பதுதான் லாபம். அப்படிச் செய்தால் பிள்ளைக்கும் முட்டை மிஞ்சும். கணக்கோடு சொல்கிறேன்.

ஐந்து பெட்டை, ஒரு சேவல்

சரியாகப் பார்த்துக்கொண்டால் ஒரு நாட்டுக்கோழி ஒரு சுற்றுக்கு 12 முதல் 15 முட்டை வீதம் வருஷத்துக்கு மூன்று நான்கு சுற்று இடும். நடுவாகப் போடுவோம், ஒரு கோழிக்கு 50 முட்டை. ஐந்து பெட்டைக்கு 250. அதில் 150 பிள்ளைக்கு, வாரத்துக்கு மூன்று. மீதி 100 முட்டையை வியாபாரியிடம் கொடுத்தால், முட்டை 12 ரூபாய் என்று வைத்தாலும் 1,200 ரூபாய். அதையே அடை வைத்தால் 75 குஞ்சாவது பொரியும். கவனிக்காமல் விட்டால் அதில் 25 தேறுவதே பெரிசு, கவனித்தால் 50 தேறும். ஐந்தை வீட்டுக்கு நிறுத்திக்கொண்டு 45ஐ விற்றால், கோழி 350 ரூபாய் என்று போட்டாலும் 15,750. விலை ஊருக்கு ஊர் மாறும், தீவனம் மருந்துக்குக் கொஞ்சம் கழியும், ஆனால் 1,200க்கும் இதற்கும் உள்ள தூரம் மாறாது. பெண்கள் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கைத் தரையில் கரியால் எழுதிக் காட்டியபோதுதான் முதல்முறையாக யாரும் சும்மா தலையாட்டாமல் எதிர்க்கேள்வி கேட்டார்கள். "குஞ்சு சாகுதே, அதுக்கு என்ன பண்றது?" சரியான கேள்வி. பாதிக் கட்டுரை அதற்குத்தான்.

ஏன் ஐந்து, ஏன் ஐம்பது இல்லை? வீட்டைச் சுற்றிக் குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் களத்திலும் மேய்ந்து வயிறு நிரப்பிக்கொள்ள ஒரு வீட்டுக்கு ஐந்தாறு பெரிய கோழிக்குத்தான் இரை கிடைக்கும். அதற்கு மேல் போனால் தீவனம் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதோடு லாபம் போயிற்று. கடன் வாங்கி இருநூறு குஞ்சு இறக்கி ஆறு மாதத்தில் காலி ஷெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். ஏழை வீட்டுக்கு இது பண்ணை இல்லை, புழக்கடை வேலை. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், அதுவும் பாட்டியின் நேரம். அம்மா அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரில் இருப்பது பாட்டிதான், கோழிக்காரியும் அவர்தான். கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடாமல் மருமகளை மட்டும் கூப்பிட்டால் எதுவும் நடக்காது.

கோழிக்குக் காசு? குழுக்கடன் வேண்டாம் என்பேன். நம்மிடம் பழைய முறை இருக்கிறது, வாரத்துக்கு, அதாவது பங்குக்கு விடுவது. ஆட்டையும் கோழியையும் இப்படி விட்டு வளர்த்தவர்கள்தான் நம் ஊர்க்காரர்கள். குழு ஒரு பெண்ணுக்கு இரண்டு பெட்டை கொடுக்கட்டும். அவர் முதல் அடையில் வளர்ந்த இரண்டு பெட்டையைக் குழுவுக்குத் திருப்பித் தரட்டும், அது அடுத்த வீட்டுக்குப் போகும். வட்டி கிடையாது, பாஸ்புக் கிடையாது, கோழிக்குக் கோழி. தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு தொடங்கியதே 1989ல் இந்தத் தர்மபுரியில்தான், ஆனாலும் எங்கள் பக்கம் கடன் என்றாலே பாதி வீடுகள் ஒதுங்கிக்கொள்ளும், அதிலும் ரொம்ப ஏழை வீடுகள்தான் முதலில் ஒதுங்கும். யாருடைய பிள்ளைக்கு முட்டை தேவையோ அந்த வீடுதான் அது.

அடை வைப்பதிலிருந்து

வருஷத்தில் ஒரு கோழிக்கு இரண்டு சுற்று மட்டும் அடை. மற்ற சுற்றில் அடைக்கு உட்கார்ந்தால் காற்றோட்டமான கூடையில் நாலு நாள் அடைத்துத் தண்ணீரும் தீனியும் வைத்தால் அடை கலைந்துவிடும், மூக்கில் இறகு குத்துவதெல்லாம் வேண்டாம். அந்தச் சுற்று முட்டை முழுக்கப் பிள்ளைக்கு. அடை வைக்கும் சுற்றிலும் முதலில் இட்ட நாலைந்தைப் பிள்ளைக்கு எடுத்துவிட்டு, கடைசியில் இட்டதை அடைக்கு வையுங்கள். பத்து நாளுக்கு மேல் பழசான முட்டை சரியாகப் பொரிக்காது, கோடையில் அதற்கும் முன்பே கெடும். எடுக்கும்போது கரியால் புள்ளி வைத்த ஒரு முட்டையைக் கூட்டிலேயே விடுங்கள், இல்லாவிட்டால் கோழி வேறு புதரைத் தேடிப் போய்விடும்.

கூடையில் பாதிக்கு மணலோ சாம்பல் கலந்த மண்ணோ போட்டு, மேலே வைக்கோல் பரப்பி, ஒரு கோழிக்குப் பத்து முட்டை. பெரிய கோழியென்றால் பன்னிரண்டு. இடி இடித்தால் முட்டை கெடும் என்று பாட்டிகள் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போடுவார்கள். அதற்கு என்ன ஆதாரம் என்று எனக்கும் கேட்கத் தோன்றும், ஆனால் கெடுதல் ஒன்றுமில்லை, போடட்டும். ஏழாம் நாள் ராத்திரி இருட்டில் டார்ச் வெளிச்சத்தை உள்ளங்கையில் குவித்து முட்டையை மேலே வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது, வெறும் மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் கூமுட்டை. அதை எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் குஞ்சு.

இப்போது முக்கியமான விஷயம். குழுவில் எல்லோரும் ஒரே நாளில் அடை வையுங்கள். முன்பே உட்கார்ந்துவிட்ட கோழியை ஒன்றிரண்டு பழைய முட்டையோடு சில நாள் காக்க வைக்கலாம், அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். எதற்கு இந்தப் பாடு என்றால், வெள்ளைக்கழிச்சல். நாட்டுக்கோழியைக் கொத்துக்கொத்தாகக் கொல்வது இந்த ராணிக்கெட் நோய்தான். வந்தபின் மருந்து கிடையாது, வரும் முன் தடுப்பு மட்டும்தான். குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. ஆனால் குப்பியை உடைத்தால் நூறு குஞ்சுக்கான மருந்து இருக்கும், கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருப்பவருக்காக யார் ஒரு குப்பியை உடைப்பார்கள்? அதனால்தான் புழக்கடைக் குஞ்சுக்குச் சொட்டு மருந்து போடுவதில்லை, அதனால்தான் சாகிறது. பத்து வீட்டில் ஒரே நாளில் பொரித்தால் எண்பது குஞ்சு, ஒரே குப்பி, ஒரே காலை. குழு என்று ஒன்று இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

மருந்தை ஐஸ் போட்ட தெர்மாஸ் பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் வருஷம் நான் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தேன், வழியில் பஸ் பழுதாகி ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றது, வந்ததும் அதையே போட்டோம். ஒரு மாதம் கழித்து எட்டு வீட்டில் மிஞ்சியது பதினொரு குஞ்சு. ஒரு பாட்டி செத்த குஞ்சுகளை முறத்தில் வைத்து என் முன்னால் கொண்டுவந்து இறக்கினார், ஒன்றும் பேசவில்லை. சூடு பட்ட தடுப்பு மருந்து வெறும் தண்ணீர்.

28ஆம் நாள் வாக்கில் இன்னொரு முறை லசோட்டா. எட்டாவது வாரம் ஊசி. தமிழ்நாட்டில் கால்நடைத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் (இதே ராணிக்கெட்தான்) தடுப்பூசி முகாம் நடத்தி, எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இலவசமாகப் போடுகிறது. தேதியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள், முகாம் அன்று விடியும் முன்பே கோழியைத் திறந்துவிடாமல் கூட்டிலேயே வைத்திருங்கள். மேயப் போன கோழியை யாராலும் பிடிக்க முடியாது, டாக்டர் போய்விடுவார். அம்மைக்கும் தடுப்பு உண்டு, அதையும் அங்கேயே கேளுங்கள்.

நோய்க்கு அடுத்த எமன் பருந்து, கீரி, மழை. பொரித்த முதல் மூன்று நான்கு வாரம் குஞ்சைத் தாயோடு பஞ்சாரம் என்ற மூங்கில் கூடைக்குள் கவிழ்த்தே வைத்திருங்கள், ராத்திரி மேலே கோணி. தாய் கதகதப்பு கொடுப்பதால் பல்பு தேவையில்லை. உள்ளே நொய், அரைத்த கம்பு, பொடியாக நறுக்கிய கீரை, ஆழமில்லாத தட்டில் தண்ணீர். தட்டு ஆழமாக இருந்தால் குஞ்சு விழுந்து நனைந்து விறைத்துச் சாகும், தட்டில் நாலு கூழாங்கல் போட்டுவிடுங்கள்.

புரதத்துக்குக் கரையான். பழைய பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, கந்தல், மக்கிய ஓலை எல்லாவற்றையும் திணித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கரையான் புற்று இருக்கும் இடத்தில் சாயங்காலம் வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். காலையில் தூக்கினால் உள்ளே நெளியும். அப்படியே குஞ்சுகள் முன் தட்டிவிட்டு ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், பஞ்சாரமே ஆடும். செலவு பூஜ்யம். மழைக்காலத்தில் மட்டும் சரியாக ஏறாது.

நாலு வாரம் முடிந்ததும் குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டால் தாய் சீக்கிரமே அடுத்த சுற்று முட்டைக்கு வந்துவிடும். பிரிக்காமல் விட்டால் அதுபாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு திரியும், அந்த மாதங்களில் பிள்ளைக்கு முட்டை கிடையாது.

கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனம் வருஷத்துக்கு 150க்கு மேல் முட்டையிடும், ஆனால் நாட்டுக்கோழி மாதிரி அடைக்கு உட்காராது. ஒன்றிரண்டை முட்டைக்காக மட்டும் சேர்த்து வளர்த்தால் நல்லது. எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டாம்.

எப்போது விற்பது

குஞ்சு நாலைந்து மாதத்தில் ஒன்றேகால் கிலோ வரும். அதனால் விற்கும் மாதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசையாக வரும், சேவலுக்கு நல்ல விலை, அதற்கு மாசி கடைசியில் குஞ்சு பொரித்திருக்க வேண்டும். தீபாவளிக்கு வைகாசி, ஆனி. புரட்டாசியில் விற்கவே விற்காதீர்கள், பாதி ஊர் கறி தின்னாது, வியாபாரி சொன்னதுதான் விலை. கார்த்திகை மார்கழியில் மாலை போட்டவர்களால் மறுபடியும் விலை இறங்கும், பொங்கலுக்கு ஏறும்.

கையால் தூக்கிப் பார்த்து "ஒரு கிலோதான்கா இருக்கும்" என்று சொல்லும் வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். குழுவுக்கு ஒரு தொங்கு தராசு போதும். பத்து வீட்டுக் கோழியையும் ஒரே நாளில் ஓரிடத்தில் நிறுத்து விற்றால் வண்டி வாசலுக்கு வரும், ஒவ்வொருவராகக் கெஞ்ச வேண்டியதில்லை.

சாமர்த்தியமான சில அக்காக்கள் வேறொன்று செய்வார்கள். நாட்டு முட்டையை விற்றுவிட்டு அதே காசுக்குக் கடையில் இரண்டு பண்ணை முட்டை வாங்குவார்கள். சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, பிள்ளைக்கு இரண்டு முட்டை, கணக்கு சரிதான். ஆனால் காசு கைக்கு வந்து கடைக்குப் போய் முட்டையாகத் திரும்புவதற்குள் வழியில் சோப்பு, பீடி, பஸ் டிக்கெட் என்று எத்தனை வாய் காத்திருக்கிறது. முடிந்தவர்கள் செய்யட்டும், எல்லோருக்கும் நான் சொல்வதில்லை.

பிள்ளை வாய்க்குப் போவது

2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அரிசி விலையில்லாமல் கிடைக்கிற மாநிலத்தில் இது. ஆகவே வயிறு நிரம்புவது மட்டும் போதாது, எதனால் நிரம்புகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் கெட்டியான உணவு, கூடவே இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால். இந்த ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில்தான் பிள்ளை நழுவுகிறது. அங்கன்வாடியில் உட்கார்ந்து சாப்பிடும் வயசும் இன்னும் வந்திருக்காது, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அங்கே வாரத்துக்கு மூன்று முட்டை. அதற்கு முன் சத்துமாவு வீட்டுக்குத் தருவார்கள், அதை வீட்டில் எல்லோரும் கொழுக்கட்டை பிடித்துத் தின்பார்கள், நானே பார்த்திருக்கிறேன், நானே தின்றும் இருக்கிறேன். அதனால் வீட்டு முட்டை முதலில் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு, அப்புறம் கர்ப்பமாக இருப்பவருக்கு.

முட்டை மந்திரம் என்று சொல்ல மாட்டேன். ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள், 2017ல் முடிவு வந்தது, உயரம் குன்றுவது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது. அதே மாதிரி ஆப்பிரிக்காவில் மலாவியில் செய்தபோது உயரத்தில் சொல்லும்படி மாற்றமில்லை. அங்கே பிள்ளைகள் முன்பே மீன் தின்று வந்தார்கள். காலையில் கூழ், மதியம் ரசம் சோறு, ராத்திரி அதே சோறு என்று இருக்கிற நம் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று நீங்களே பாருங்கள்.

எப்படிக் கொடுப்பது: நன்றாக வேகவைத்து, தண்ணீர் கொதித்தபின் பத்து நிமிஷத்துக்கு மேல். அரைவேக்காடு கூடாது, பச்சை முட்டை கூடவே கூடாது. தொடங்குகிற அன்றைக்கு, வெந்த முட்டையில் சுண்டுவிரல் நுனி அளவு மசித்துத் தாய்ப்பாலில் குழைத்து ஊட்டி, தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வருகிறதா என்று பார்த்து, ஒன்றுமில்லையென்றால் நாலைந்து நாளில் மெல்லக் கூட்டுங்கள். "அது முட்டை தின்னாதும்மா, துப்பிடும்" என்பார்கள். காய்ந்த மஞ்சள் கரு தொண்டையில் ஒட்டும், துப்பத்தான் செய்யும். களியிலோ பருப்புச் சோற்றிலோ எண்ணெய் விட்டு மசித்துக் கலந்தால் இறங்கிவிடும். புரட்டாசி விரதம் பெரியவர்களுக்கு, ஒரு வயசுப் பிள்ளைக்கு இல்லை என்று பூசாரியையே சொல்ல வைத்தோம் ஒரு ஊரில்.

முட்டை இல்லாத நாளில் என்ன? இங்கேதான் கேழ்வரகு. சுண்ணாம்புச் சத்தில் அரிசியோ கோதுமையோ இதன் பக்கத்தில் வராது. தர்மபுரியில் 2023லிருந்து ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஆக்கினார்கள். ஆனால் பிள்ளைக்குத் தருகிற கூழ் தண்ணியாக இருக்கிறது. கெட்டியாகக் கிளறினால் பிள்ளையால் விழுங்க முடியாது, தண்ணியாகக் காய்ச்சினால் அந்தச் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிரம்பிவிடும்.

இதற்கு முளைகட்டிய மாவு. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றரை இரண்டு நாளில் வெள்ளை முளை வந்ததும் வெயிலில் காயவைத்து அரையுங்கள். அதிகமாக வறுக்காதீர்கள், வறுத்தால் இதன் குணமே போய்விடும். இப்போது சாதாரண மாவில் கெட்டியாகக் களி கிளறி இறக்குங்கள். கொதி அடங்கி, விரல் வைத்தால் சூடு தாங்காத பதத்தில் இருக்கும்போது ஒரு தேக்கரண்டி முளைமாவைத் தூவிக் கிளறிவிட்டுச் சில நிமிஷம் பொறுங்கள். கரண்டியில் நின்ற களி இளகி வழியத் தொடங்கும். தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்கவில்லை, அதே மாவு, அதே சத்து, ஆனால் பிள்ளை விழுங்கும் பதம். முளைமாவு மாவுச்சத்தை உடைத்து இளக்குகிறது, அவ்வளவுதான். பிறகு ஒரு கொதி விட்டு இறக்கி ஆறவைத்து ஊட்டுங்கள். கூட்டத்தில் இதைச் செய்து காட்டினால் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

அளவு: ஆறு முதல் எட்டு மாதம், இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி அரை டம்ளர் வரை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்கு மேல் அரை டம்ளர், மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழு டம்ளர், நடுவில் வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டை மாதிரி ஏதாவது. கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள், புரையேறும், அரைத்துத்தான். ஒவ்வொரு வேளையும் ஒரு தேக்கரண்டி எண்ணெய். தேன் ஒரு வயதுக்கு முன் வேண்டாம்.

வாசலில் ஒரு முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரக விதை ஊன்றினால் ஆறு மாதத்தில் காய்க்கும், கீரை அதற்கும் முன்பே. காய் விற்பனைக்கு, கீரை வீட்டுக்கு. நிழலில் காயவைத்துப் பொடித்தால் மழையில்லாத மாதத்துக்கும் ஆகும், களியில் ஒரு சிட்டிகை. கீரை சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும். குளிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் பப்பாளி ஒன்று.

கோழியும் தவழும் பிள்ளையும்

கோழி வளர்ப்பவர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை, ஆனாலும் சொல்கிறேன். எத்தியோப்பியாவில் பார்த்ததில், கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் நன்றாக வளர்ந்திருந்தார்கள், ஆனால் ராத்திரி கோழியை வீட்டுக்குள் அடைக்கிற வீடுகளில் நிலைமை தலைகீழ். தவழும் பிள்ளை எச்சத்தைத் தொடும், விரலை வாயில் வைக்கும், ஓயாமல் வயிற்றுப்போக்கு வரும், தின்ற முட்டை உடம்பில் ஒட்டாது. அதனால் கோழிக்குத் தனிக்கூடு, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஒரு கோழிக்கு ஒரு சதுரடி, கீழே விழும் எச்சம் முருங்கைக்கு உரம். திருட்டுக்குப் பயந்துதான் உள்ளே அடைக்கிறார்கள், தெரியும். கூட்டைச் சமையலறைச் சுவரை ஒட்டி வெளிப்பக்கம் வைத்துப் பூட்டுப் போடுங்கள். பிள்ளை விளையாட ஒரு பழைய பாயும் அதைச் சுற்றி ஏதாவது தடுப்பும் போதும். ஊட்டும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, ஒரு வயதுக்கு மேல் அரசு தருகிற குடற்புழு மாத்திரை, இரண்டையும் விடாதீர்கள்.

பிள்ளை தேறுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எடை போடுங்கள். மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டியில் 1980ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து, எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தார்கள். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்ற கேள்விதான். இரண்டு மாதம் ஏறாமல் நின்றால் அங்கன்வாடி அக்காவிடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளையின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவைச் சுற்றினால் 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனம், 11.5க்குக் கீழே என்றாலோ, இரண்டு பாதமும் வீங்கி அழுத்தினால் குழி விழுந்தாலோ, முட்டையும் களியும் கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து அனுப்பினால் பெரிய ஆஸ்பத்திரி.

இந்த மாதமே தொடங்குவதென்றால் முதலில் செய்ய வேண்டியது கோழி வாங்குவது இல்லை. ஊரில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை எந்தெந்த வீட்டில் என்று எழுதி, அந்த வீட்டுப் பாட்டிகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அடுத்தது கால்நடை மருந்தகத்தில் லசோட்டா எப்போது கிடைக்கும் என்று கேட்டு, தேதியிலிருந்து 28 நாள் பின்னால் எண்ணி அடை வைக்கும் நாளைக் குறியுங்கள், 21 நாள் அடை, ஏழாம் நாள் சொட்டு. பிளாஸ்கும் ஐஸும் யார் கொண்டுவருவார் என்று அன்றைக்கே பேர் சொல்லி முடிவு செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு கரித்துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். பிள்ளைக்கு ஒரு முட்டை கொடுத்தால் ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் கோடு போடத் தெரியும். எங்கள் குழுவில் ஒரு பாட்டி ஒரு முட்டைக்கு இரண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, பாதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தேன், அதுக்கு ஒண்ணு வேண்டாமா என்றார். அடுத்த வாரமே பக்கத்து வீட்டுக்கும் இரண்டு பெட்டை கொடுத்துவிட்டோம்.